கொட்டகைக் கால் ஏன் மண்மட்டத்தில் ஒடிகிறது?

(விவசாயிகளுக்கான வானொலி உரையின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பூச்சி மருந்து, பம்புசெட்டு என்று எவ்வளவோ பேசுகிறோம். இன்றைக்கு, நம்ம வீட்டுக் கூரையையும் மாட்டுக் கொட்டகையையும் தாங்கி நிற்கிற மரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மரம் விற்கிற விலை உங்களுக்குத் தெரியும். ஒரு கால் இற்றுப்போனால் மரத்துக்கு ஒரு செலவு, ஆளுக்கு ஒரு செலவு, பிரித்துக் கட்டுகிற நாளுக்கு ஒரு செலவு. நடுவதற்கு முன்னால் பத்துப் பதினைந்து நாள் பக்குவம் செய்தால் இந்தச் செலவைப் பல வருஷத்துக்குத் தள்ளிப் போடலாம். அந்தப் பக்குவத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு ஐப்பசி மாதத்து ராத்திரி, அடைமழை. கொட்டகையில் சினைப் பசு ஒன்று கட்டியிருந்தது. சவுக்குக் கால் ஒன்று திடீரென்று முறிந்து, மேலே கிடந்த விட்டம் அப்படியே பசுவின் இடுப்பில் விழுந்துவிட்டது. பசு பிழைத்துக்கொண்டது, கன்று தங்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட அப்பா அந்தக் காலில்தான் சாய்ந்துகொண்டு நின்றார். பார்வைக்குக் கல்லு மாதிரி இருந்த கால் அது.

மறுநாள் ஆசாரியார் வந்து பார்த்தார். முறிந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். பொடிப் பொடியாக உதிர்ந்தது. பூமிக்குள் இருந்த மிச்சத்தைக் கடப்பாரை போட்டுத் தோண்டி எடுத்தார். அடித்துண்டு கெட்டியாக இருந்தது! "பாருங்கய்யா, மேலேயும் கெட்டி, அடியிலேயும் கெட்டி. மண்மட்டத்துல ஒரு சாண் மட்டுந்தான் போயிருக்கு" என்றார். உங்கள் வீட்டில் பழைய வேலிக்கால் இருந்தால் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் இதே கதைதான்.

மரம் ஏன் இற்றுப்போகிறது?

மரம் தானாக இற்றுப்போவதில்லை. அதை ஒன்று தின்கிறது. தின்கிறது பூஞ்சாணம். நெற்பயிரில் குலைநோய் வருகிறதே, அதுவும் பூஞ்சாணந்தான். அந்த வர்க்கத்தைச் சேர்ந்த வேறொன்று மரத்தையே சோறாக வைத்துக்கொண்டு வளர்கிறது. மழைக்காலத்தில் பழைய கட்டையில் காளான் பூக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். பூத்தது மேலே தெரிகிற பகுதி. அதன் நூலெல்லாம் கட்டைக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பூஞ்சாணம் பிழைக்க மூன்று வேண்டும். தின்ன மரம் வேண்டும், ஈரம் வேண்டும், காற்று வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அதற்குப் பிழைப்பு இல்லை. நன்றாகக் காய்ந்த மரத்தில், அதாவது ஈரப்பதம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருக்கிற மரத்தில், அது வளராது. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே முழுகிக் கிடக்கிற மரத்திலும் அதற்குக் காற்று கிடைப்பதில்லை. நம்ம முன்னோர்கள் கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை வளையம் வைத்து அதன்மேல் சுவர் எழுப்பினார்களே, அது தலைமுறை தலைமுறையாக அப்படியே கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது கொட்டகைக் காலுக்கு வாருங்கள். மேல்பகுதியில் காற்று உண்டு, ஈரம் இல்லை. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மண்மட்டத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து கிடைக்கிறது. அதிலும் மாட்டுக் கொட்டகையில் கோமியமும் கழுவின தண்ணியும் எந்நாளும் அங்கேதான் நிற்கும். ஆகவே கால் அந்த ஒரு சாணில்தான் ஒடிகிறது.

பூஞ்சாணம் தவிர இன்னும் இரண்டு பகையாளி உண்டு. ஒன்று கரையான், மண்ணிலிருந்து ஈரமண்ணால் குழாய் கட்டிக்கொண்டு மேலே ஏறும். இன்னொன்று மரத்தை உளுக்க வைக்கிற வண்டு. இது காய்ந்த மரத்திலும் வரும். மூங்கில், மாமரம், இலவமரம் இவற்றில் மாவுச்சத்து அதிகம். அந்த மாவுக்காகத்தான் வண்டு வருகிறது. தரையில் மாவு மாவாகக் கொட்டிக் கிடந்தால் அதன் வேலை என்று தெரிந்துகொள்ளலாம்.

செலவில்லாத மருந்து: ஒரு கல்

மருந்துக்குப் போவதற்கு முன்னால் பழைய வீடுகளைப் பாருங்கள். திண்ணைத் தூண் மண்ணைத் தொடாது. அடியில் ஒரு கல் இருக்கும். தூண் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் தேக்குத் தூணே ஆனாலும் கல்லின்மேல்தான் நிற்கும். ஈரம் மரத்துக்கு ஏறக்கூடாது என்பதுதான் அதன் சூட்சுமம். கரையானும் மறைவாக ஏற முடியாது. கல்லின்மேல் குழாய் கட்டினால் நம்ம கண்ணில் பட்டுவிடும்.

நீங்கள் புதிதாகக் கொட்டகை போடுவதானால், தரைக்கு மேல் ஒரு அடி உயரம் கல்லோ கான்கிரீட்டோ கட்டை எழுப்பி, அதில் இரும்புப் பட்டை பதித்து, அந்தப் பட்டையில் மரக்காலை முடுக்கிவிடுங்கள். சிலர் குழியில் காலை நிறுத்தி, சுற்றிலும் சிமெண்டு ஊற்றிவிடுகிறார்கள். உறுதிதான், மறுக்கவில்லை. ஆனால் மரம் காயும்போது சுருங்கும். சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவில் இடைவெளி விழும். மழைத்தண்ணி அதில் இறங்கினால் கிண்ணத்தில் நிற்கிற மாதிரி நின்றுவிடும். சிமெண்டு போட்டே ஆகவேண்டுமென்றால், அடியில் ஜல்லி போட்டு, மேலே தண்ணி வழிந்தோடுகிற மாதிரி சரிவாகப் பூசுங்கள்.

எந்த மரம், எந்தப் பகுதி?

மரத்தை வெட்டிப் பார்த்தால் நடுவில் கறுத்த வைரம், சுற்றி வெள்ளை. தேக்கு, வேங்கை, கருவேலம், இலுப்பை போன்றவற்றின் வைரத்தில், பூஞ்சாணத்துக்கும் கரையானுக்கும் ஆகாத சத்துக்கள் இயற்கையாகவே சேர்ந்திருக்கின்றன. வெள்ளையில் அது இல்லை. தேக்காக இருந்தாலும் அதன் வெள்ளை சீக்கிரம் போய்விடும். "தேக்கு வாங்கினேன், ஏமாந்துட்டேன்" என்கிறவர்கள் பல பேர் வாங்கினது இளந்தேக்கின் வெள்ளையைத்தான்.

பனையும் தென்னையும் இதற்கு நேர் எதிர். அவற்றில் வெளிப்பக்கந்தான் கெட்டி, உள்ளே சோறு. ஆகவே பனங்கை வாங்கும்போது உள்சோறு நன்றாகச் செதுக்கி எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். சோறு ஒட்டியிருந்தால் அதில்தான் முதலில் சேதம் தொடங்கும்.

சவுக்கு, தைலமரம் போன்றவை மலிவு. ஆனால் மண்ணில் நட்டால் சில வருஷந்தான். இவற்றுக்குத்தான் மருந்து கட்டாயம் தேவை. இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. வைரத்துக்குள் மருந்து இறங்காது. வெள்ளை மருந்தை நன்றாகக் குடிக்கும். தானாகத் தாங்காத மரமே மருந்துக்கு நன்றாக இசைந்து கொடுக்கும்.

நாம் செய்கிற சில காரியங்கள்

காலின் அடியைத் தீயில் கருக்கி நடுகிறோம். கரி இற்றுப்போகாது என்பது வாஸ்தவம். ஆனால் கருகினது மேல்தோல் மட்டுந்தானே? மரம் வெடிக்கும், வெடிப்பு வழியாகப் பூஞ்சாணம் உள்ளே போகும். ஆகவே இதை மட்டும் நம்ப வேண்டாம்.

தார் பூசுகிறோம். பச்சை மரத்தில் தார் பூசினால் உள்ளே இருக்கிற ஈரத்துக்கு மூடி போட்ட மாதிரி. வெளியே பளபளப்பு, உள்ளே அழுகல். மரத்தை நன்றாகக் காய வைத்து, அடிவெட்டு முகத்துக்கும் சேர்த்துப் பூசினால் ஓரளவு பலன் உண்டு.

டிராக்டர் இஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைப் பூசுகிறோம். அது நிலைத்து நிற்கிற மருந்து அல்ல; மண்ணையும் கெடுக்கும், தீப்பிடிக்கவும் உதவும். விட்டுவிடுங்கள்.

மூங்கிலையும் மரத்தையும் குளத்திலோ கம்மாயிலோ சில வாரம் ஊறப்போடுகிறோம். இது அருமையான பழக்கம். மரத்திலுள்ள மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போகிறது. வண்டுக்குத் தீனி இல்லை. ஆனால் இது வண்டுக்கு மட்டுந்தான் வைத்தியம். கரையானுக்கும் பூஞ்சாணத்துக்கும் இது போதாது.

மண்ணில் நடுகிற காலுக்கு மயில்துத்தம்

போர்டோ கலவைக்கு வாங்குகிறோமே, அந்த மயில்துத்தந்தான் இங்கேயும் மருந்து. பிரான்ஸ் தேசத்தில் பூஷெரி என்ற மருத்துவர், பச்சை மரத்தின் சாறு ஓடுகிற வழியிலேயே மயில்துத்தக் கரைசலை உள்ளே செலுத்துகிற முறையை 1838-ஆம் வருஷ வாக்கில் கண்டுபிடித்தார். தந்திக் கம்பங்களுக்குக்கூட இந்த முறை பயன்பட்டது. அதையே நாம் தோட்டத்தில் எளிமையாகச் செய்யலாம்.

மரம் பச்சையாக இருக்க வேண்டும். வெட்டின அன்றோ மறுநாளோ தொடங்கிவிட வேண்டும். பட்டையை உரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பீப்பாயில் 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ மயில்துத்தம் கரைத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பீப்பாய் கூடாது, மயில்துத்தம் அதை அரித்துவிடும். கால்களின் அடிப்பக்கம் ஒன்றரை முதல் இரண்டு அடி முழுகும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். மேல்பக்கம் ஈரம் ஆவியாகப் போகப் போக, அடியிலிருந்து கரைசல் ஏறும். கரைசல் குறைந்தால் அதே கணக்கில் ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு வாரம், பத்து நாள் ஆனதும் தலைகீழாகத் திருப்பி இன்னும் சில நாள் நிறுத்துங்கள். பிறகு வெயில் படாமல் நிழலில் அடுக்கி, ஒரு மாதம் காயவிட்டு நடுங்கள்.

மருந்து ஏறினதா என்று பார்க்க, ஒரு காலை மட்டும் அறுத்துப் பாருங்கள். வெட்டு முகத்தில் பச்சையும் நீலமுமாகச் சாயம் தெரியும். மருந்து ஏறின காலை அதற்கப்புறம் கூர் சீவாதீர்கள். சீவினால் மருந்து உள்ள பகுதி போய், மருந்தில்லாத மரம் மண்ணுக்குள் போய்விடும். கூர் சீவுவது, துளை போடுவது எல்லாம் ஊறவைப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

மயில்துத்தம் மட்டும் போட்டால் வருஷக்கணக்கில் மழையில் கொஞ்சங் கொஞ்சமாகக் கரையும். அது கரையாமல் மரத்தோடு பிடித்துக்கொள்ள ஒரு வழியை நம்ம நாட்டு விஞ்ஞானியே கண்டுபிடித்தார். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசன் என்பவர் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து 'அஸ்கு' என்ற மருந்தை உண்டாக்கினார். அது உலகம் பூராவும் போனது. ஆனால் ஆர்சனிக் என்பது பாஷாணம். அதனால் அமெரிக்காவில் 2003-ஆம் வருஷக் கடைசியோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இந்த மருந்தை நிறுத்திக்கொண்டார்கள். ஆலையில் அழுத்தம் கொடுத்து மருந்தேற்றின மரம் வாங்குவதானால், ஆர்சனிக் இல்லாத மருந்தா என்று கேட்டு வாங்குங்கள்.

கூரைமரத்துக்கு வெண்காரம்

கூரைக்குள் இருக்கிற விட்டம், கைமரம், மூங்கில் வாரை இவற்றுக்கு மயில்துத்தம் வேண்டாம். இவற்றுக்கு ஏற்றது வெண்காரமும் போரிக் அமிலமும். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெண்காரம், 2 கிலோ போரிக் அமிலம். கொஞ்சம் வெந்நீரில் முதலில் கரைத்துக்கொண்டு, பிறகு மொத்தத் தண்ணீரில் சேர்த்தால் சுலபமாகக் கரையும்.

தோட்டத்தில் நீளமாகப் பள்ளம் தோண்டி, கெட்டியான பிளாஸ்டிக் தாள் விரித்தால் அதுவே தொட்டி. அறுத்த பச்சை மரத்தையும் மூங்கிலையும் அதில் போட்டு, மேலே கல்லை வைத்து முழுக அமுக்கி, ஒன்றிரண்டு வாரம் ஊறவிடுங்கள். முழு மூங்கிலானால், நீளக் கம்பி விட்டு உள்கணுக்களைக் குத்தி விடவேண்டும். அப்போதுதான் கரைசல் உள்ளே போகும். மூங்கிலின் வெளித்தோல் தண்ணீர் குடிக்காது. எடுத்ததும் வெயிலில் போடாமல், இரண்டு வாரம் தாளால் மூடி வையுங்கள். ஈரம் இருக்கிறவரைக்கும் மருந்து உள்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். பிறகு நிழலில் உலர்த்தலாம். மூங்கில் மூன்று நான்கு வருஷம் முற்றினதாக இருக்கட்டும்.

வெண்காரத்துக்கு ஒரு குறை உண்டு. மழை பட்டால் கரைந்து போய்விடும். ஆகவே கூரைக்குக் கீழே மட்டும். வேலிக்கும் மண்ணில் நடுகிற காலுக்கும் ஆகாது. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்: மண்ணுக்கு மயில்துத்தம், கூரைக்கு வெண்காரம்.

தீயிலிருந்து காப்பது

வெண்காரத்தை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அது தீயையும் மட்டுப்படுத்தும்.

கட்டை எப்படி எரிகிறது? சூடேறினதும் மரத்திலிருந்து ஒருவித வாயு கிளம்புகிறது. அந்த வாயுதான் கொழுந்துவிட்டு எரிகிறது. வெண்காரமும் போரிக் அமிலமும் உள்ள மரத்தில் சூடு படும்போது, மருந்து உருகிக் கண்ணாடி மாதிரி ஒரு படலமாகப் படியும். மரமும் வாயுவாகப் போவதற்குப் பதிலாக அதிகமாகக் கரியாகும். தீ வேகமாகப் பரவாது. வயலுக்குப் போடுகிற டி.ஏ.பி. உரம் இருக்கிறதே, அந்த அம்மோனியம் பாஸ்பேட் வகையும் தீத்தடுப்புக்குப் பயன்படுகிறதுதான். ஆனால் அது ஈரம் இழுக்கும், ஆணியை அரிக்கும். வீட்டுக் கூரைக்கு வெண்காரமே மேல்.

பருமனான விட்டம் சுலபத்தில் விழாது. வெளியே படிகிற கரியே உள்மரத்துக்குப் போர்வை ஆகிவிடும். அரைமணி நேரத் தீயில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர்தான் கருகும். முதலில் பற்றுவது மெல்லிய வாரையும் ஓலையும். ஆகவே மருந்து குறைவாக இருந்தால், அடுப்புக்கு மேலே உள்ள மெல்லிய மரங்களுக்கு முதலில் கொடுங்கள்.

மருந்தேற்றிவிட்டால் மரம் எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நமக்குக் கிடைப்பது சில நிமிஷ அவகாசந்தான். ஆனால் அந்தச் சில நிமிஷத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரலாம், மாட்டை அவிழ்த்து விடலாம். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல் கொட்டகையில் பிடித்த தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. கீற்றுக்கூரையில் தீ எவ்வளவு வேகம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். சமையற்கட்டுக்கு மேலே கீற்று வேண்டவே வேண்டாம். வைக்கத்தான் வேண்டுமென்றால், உள்பக்கம் களிமண்ணும் சாணமும் கலந்து கனமாகப் பூசுங்கள். மண் பூச்சு தீயைத் தாமதப்படுத்தும். ஒட்டடையும் புகைக்கரியும் படிந்திருந்தால் அடிக்கடி தட்டிவிடுங்கள். கூரைமரத்தில் மின்சார ஒயரை ஆணியடித்துத் தொங்கவிட வேண்டாம், குழாய்க்குள் கொண்டுபோங்கள்.

சமையற்கட்டு என்றதும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. விறகடுப்பு எரிந்த காலத்தில் புகை பட்டுப் பட்டு மேலே உள்ள மூங்கில் காய்ந்து, வண்டு அண்டாமல் இருந்தது. இப்போது கேஸ் அடுப்பு வந்துவிட்டது. நம்ம கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லதுதான். ஆனால் மூங்கிலுக்குப் புகை இல்லை. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மாவு கொட்டினால் அந்த வாரையை உடனே மாற்றிவிடச் சொல்லுங்கள்.

ஜாக்கிரதை

மருந்து கலக்கும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது. மிச்சமான மயில்துத்தக் கரைசலைக் குளத்தில் விட்டால் மீன் செத்துப்போகும். செம்பு ஆட்டுக்கு ஆகவே ஆகாது, அதிலும் செம்மறிக்கு விஷம். ஆகவே பட்டி அடைக்கிற இடத்திலும் தீவனத் தொட்டியிலும் மருந்து மரம் வேண்டாம். வெண்காரக் கரைசலைப் பயிர் ஓரத்தில் கொட்டினால் பயிர் கருகும். மிச்சத்தை மூடிவைத்து, அடுத்த மரத்துக்கு உபயோகப்படுத்துங்கள்.

கரையானுக்கு முன்பு போட்ட ஆல்ட்ரின், பி.எச்.சி. பவுடர் இரண்டும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை. பழைய டப்பா பரணில் கிடந்தால் தொடாதீர்கள். மருந்தேற்றின பழைய காலையும், கிரியோசோட் எண்ணெய் ஏற்றின பழைய ரயில் கட்டையையும் அடுப்பில் வைக்காதீர்கள். அந்தப் புகையும் சாம்பலும் விஷம்.

கடைசியாக ஒன்று. வருஷா வருஷம் புரட்டாசி பிறந்ததும், மழைக்கு முன்னால், ஒரு பழைய திருப்புளியை எடுத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு காலிலும் மண்ணைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, மண்மட்டத்தில் குத்திப் பாருங்கள். கெட்டியாக நின்றால் சரி. திருப்புளி புதைந்தால் அந்தக் கால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மேலே எவ்வளவு மினுமினுப்பாக இருந்தாலும் நம்பாமல் மாற்றிவிடுங்கள். அரைமணி நேர வேலைதான். அதை அன்றைக்கு எங்கள் அப்பாவுக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கன்று பிழைத்திருக்கும்.